அப்பாவின் 555 புத்தகங்கள்: எதைத் தொடர்வது, எதை மாற்றுவது?

பெர்ஜுந்தை மகள் · செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் சிலாங்கூர் ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியாகிவிட்டது, ஆனால் பஸ்ஸில் ஏறினால் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த மாதிரி தோட்டப்புறப் பட்டணத்தில் ஒவ்வொரு தாமானிலும் (குடியிருப்பிலும்) ஒருத்தர் இருப்பார். தெருவிளக்கு எரியவில்லை, கால்வாய் நாறுது, பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்று எது வந்தாலும் "அவர்கிட்ட போய் ஒரு கடிதம் எழுதி வாங்கிட்டு வா" என்பார்கள். எங்கள் தாமானில் அது அப்பா. கட்சிப் பதவி கிடையாது, கவுன்சிலரும் இல்லை. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கண் பார்வை குறைந்துவிட்டதால் புத்தகங்களை என்னிடம் கொடுத்துவிட்டார். மளிகைக் கடைக் கடன் எழுதுவோமே, அந்த 555 புத்தகம்தான். மொத்தம் 41.

அப்பாவைப் புகழ்வதற்காக இந்த இழையைத் திறக்கவில்லை. புகழ்ந்தால் அவருக்கே பிடிக்காது. முறையைத்தான் கேட்க வந்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் அடிக்கோல் வைத்து ஏழு கட்டமாகப் பிரித்திருக்கிறார்: தேதி, இடம், "யாருடையது", கடித எண், "சாப்" (அலுவலக முத்திரை), அடுத்த தேதி. ஏழாவது கட்டம் விரல் அகலம்கூட இல்லை. மேலே "ந" என்று ஒரே எழுத்து, கீழே சில வரிசைகளில் மட்டும் ஒரு தேதி. அது என்ன என்று கேட்டால் "கண்டுபிடி" என்கிறார்.

41 புத்தகத்திலும் பணத்துக்குக் கட்டமே இல்லை. எந்த அதிகாரியைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை, பெயரும் பதவியும் மட்டும். இதில் எதைத் தொடர வேண்டும், எது பழசாகிவிட்டது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கித்தாக்காடு · செவ்வாய், இரவு 10.25

மகளே, மூன்றாவது கட்டத்தில்தான் உங்கள் அப்பாவின் மூளை இருக்கிறது. புகார்களில் பாதிக்கு மேல் செத்துப்போவது "யாருடையது" என்று பார்க்காமல் எழுதுவதால்தான்.

கால்வாயையே எடுத்துக்கொள்வோம். சாலை ஓரமாக, சாலை ஒதுக்கு நிலத்துக்குள் ஓடினால் அது சாலைக்காரனுடையது. வீடுகளுக்குப் பின்னால் ஓடும் தாமான் கால்வாய் நகராண்மைக் கழகத்துடையது, ஆனால் மேம்பாட்டாளர் ஒப்படைத்த பிறகுதான். ஒப்படைக்காத தாமான் என்றால் கழகத்துக்கு எழுதும் கடிதம் "இது இன்னும் எங்கள் பொறுப்பில் வரவில்லை" என்ற ஒரே வரியோடு திரும்பும். அதனால் முதலில் பொறியியல் பிரிவு முகப்பில் "இந்தத் தாமான் சாலையும் கால்வாயும் செரா (ஒப்படைப்பு) ஆகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பெரிய வாய்க்காலும் ஆறும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுடையவை, அதாவது ஜே.பி.எஸ்.

தோட்டத்து லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) ஓடும் கால்வாய் மேற்சொன்ன யாருடையதும் இல்லை. தோட்டம் தனியார் நிலம், கழகம் அங்கே பணம் செலவழிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. லயத்துக் கூரை, தண்ணீர், கழிவறை எல்லாம் 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டத்தின்படி முதலாளியின் கடமை. அந்தச் சட்டத்தின் எண் 446. புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. லயத்தில் கூரை ஒழுகினால் கவுன்சிலரைப் பிடித்துப் பயனில்லை. படம் எடுத்துக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

---

சாலை மேஸ்திரி · புதன், காலை 7.05

கித்தாக்காடு அண்ணன் "சாலைக்காரன்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டார். நான் விரித்துச் சொல்கிறேன்.

கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை: கோலசிலாங்கூர் வழியாகப் போகும் 5, இஜோக் வழியாக சுங்கை பூலோ போகும் 54. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. சிலாங்கூருக்கு 'பி', பேராக்குக்கு 'ஏ', கெடாவுக்கு 'கே', ஜொகூருக்கு 'ஜே', நெகிரி செம்பிலானுக்கு 'என்'. இந்த இரண்டு வகையும் மாவட்டப் பொதுப்பணி இலாகா பார்ப்பது. கல்லே இல்லாத தாமான் சாலை கழகத்துடையது. செம்பனைக்குள் போகும் செம்மண் பாதை தோட்டத்துடையது. பொதுப்பணி இலாகா சாலைக்கு இப்போது "மைஜாலான்" செயலி இருக்கிறது, படமும் இடமும் சேர்ந்தே போகும். ஆனாலும் சாலை எண்ணையும் கல்லின் எண்ணையும் கடிதத்தில் எழுதுங்கள். "கடைக்கு எதிரே" என்று எழுதினால், எந்தக் கடை என்று ஒப்பந்தக்காரனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது குழி. "குழியை மூடவும்" என்று எழுதினால் குழியை மட்டும்தான் மூடுவார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் மறுபடியும் வாயைத் திறக்கும். காரணம் மேலே இல்லை, அடியில். ஓரத்து மண் சாலையைவிட உயரமாகிவிடும், இல்லை பக்கத்துக் கால்வாய் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் தார் வெடிப்பு வழியாக இறங்கி அடிக்கல்லை ஊற வைக்கும். ஊறிய அடிக்கல்லின் மேல் செம்பனைக் குலை ஏற்றிய லோரி நாலு தடவை போனால் தார் பிய்ந்துவிடும். அதனால் இரண்டையும் கேட்க வேண்டும்: குழியைச் சதுரமாக வெட்டி ஒட்டு, ஓரத்து மண்ணைச் சீவிக் கால்வாயைத் திற. வெட்டாமல் மேலே கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனால், போன ஒட்டு எத்தனை நாள் தாங்கியது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அதற்குத்தான் தேதிக் கட்டம்.

---

ஒன்லைன் தம்பி · புதன், காலை 8.50

அக்கா, 2 கடிதம், 3 சாப்… இதெல்லாம் அந்தக் காலம் லா. படம் எடுத்து சட்டமன்ற உறுப்பினரின் வாட்சப் குழுவில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆள் வருகிறார்கள். யார் முகப்பில் போய் வரிசையில் நிற்பது?

---

முகப்பு எண் 4 · புதன், மதியம் 1.15

தம்பி சொல்வதில் பாதி சரி. மரம் விழுந்தது, கம்பி அறுந்தது, குழாய் வெடித்தது என்றால் கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999, மின்சாரத்துக்கு 15454, சிலாங்கூரில் தண்ணீருக்கு 15300.

மற்றதற்கு வாட்சப் ஏன் போதாது? வேலை நடக்கும், பதிவு நடக்காது. மூன்று மாதம் கழித்து அதே விளக்கு மறுபடியும் அணைந்தால் அது புதுப் புகார். "இது நாலாவது தடவை" என்று காட்ட கையில் ஒன்றும் இருக்காது. விளக்கை மாற்று என்பதற்கும் அந்த வரிசைக் கம்பியையே மாற்று என்பதற்கும் பட்ஜெட் வேறு. இரண்டாவதைக் கேட்க முன்பு கொடுத்த புகார்களின் எண்கள் வேண்டும்.

கடிதம் எப்படி எழுதினால் நடக்கும் என்று சொல்கிறேன். ஒரு கடிதத்தில் ஒரே விஷயம். இது மிக முக்கியம், உங்கள் அப்பா கடித எண்ணைத் தனித்தனியாகப் போட்டிருப்பதும் இதனால்தான். உள்ளே வரும் கடிதத்தின் மூலையில் தலைவர் ஒரு பிரிவின் பெயரைக் கிறுக்கி அனுப்புவார். விளக்கும் கால்வாயும் ஒரே கடிதத்தில் இருந்தால், அது முதலில் எழுதியிருக்கும் பிரிவுக்குப் போகும். அங்கே விளக்கைச் சரிசெய்து கோப்பை மூடுவார்கள். கால்வாய் அந்தக் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும்.

மலாயில் எழுதுங்கள். "பெர்க்காரா" (பொருள்) வரியிலேயே இடமும் குறையும் வந்துவிட வேண்டும். கீழே மூன்று பத்தி போதும்: என்ன, எங்கே, எப்போதிலிருந்து. என்ன செய்ய வேண்டும் என்பது ஒரு வரி. கடைசியில் "சாலினான் கெப்படா" (நகல் பெறுநர்) என்று போட்டு அந்த வட்டாரக் கவுன்சிலர் பெயரைச் சேருங்கள், அவருக்கும் ஒரு நகல் உண்மையிலேயே அனுப்புங்கள். பெயர் மட்டும் போட்டு அனுப்பாமல் விட்டால் இரண்டாவது தடவை யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் பெற்றுக்கொண்ட சாப் அடித்து வாங்குங்கள், தேதி தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். மின்னஞ்சலோ சிஸ்பா என்ற அரசு இணையப் புகார் அமைப்போ என்றால் திரையில் வரும் எண்தான் சாப்.

விளக்குக்கு இன்னொன்று. கம்பத்து எண்ணை எழுதுங்கள், பலகை துருப்பிடித்திருந்தால் அடுத்தடுத்த இரண்டு கம்பத்து எண்களை எழுதி "நடுவில் இருப்பது" என்று குறிப்பிடுங்கள். ஒன்று மட்டும் அணைந்திருக்கிறதா, வரிசையே அணைந்திருக்கிறதா, பகலிலும் எரிகிறதா? ஒன்று என்றால் விளக்குக் கோளாறு, வரிசை என்றால் கம்பி அல்லது ஃபியூஸ், பகலில் எரிந்தால் ஒளியுணரி. மூன்றுக்கும் வருகிற ஆள் எடுத்து வரும் சாமான் வேறு. எழுதாவிட்டால் முதல் நாள் ஏணியோடு வந்து பார்த்துவிட்டுப் போவார், சாமானோடு எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது.

---

பெர்ஜுந்தை மகள் · புதன், மாலை 6.30

"நடுவில் இருப்பது"! 17ஆவது புத்தகத்தில் கம்பத்து எண் இருக்க வேண்டிய இடத்தில் "இடை" என்று எழுதி இரண்டு எண்கள் போட்டிருக்கிறார். கூட்டல் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தேதி எப்போதும் 14 நாள் கழித்துத்தான் இருக்கிறது. அது விதியா?

---

முகப்பு எண் 4 · புதன், மாலை 6.55

விதி இல்லை, பழக்கம். ஏழு நாளில் போனால் கடிதம் இன்னும் மேசைக்கே வந்திருக்காது. ஒரு மாதம் விட்டால் கோப்பு அடியில் போய்விடும். 14 நாளில் போய் "யார் கையில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்க வேண்டும், சண்டை போடக் கூடாது. அந்த அதிகாரியின் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த கடிதத்தில் "உங்கள் அலுவலகத்தில் இன்னாருடன் இந்தத் தேதியில் பேசியபடி" என்று தொடங்குங்கள். கோபத்தைவிட இது வேகமாக வேலை செய்யும்.

---

பால்வெளி · புதன், இரவு 8.10

கையெழுத்து வேட்டை பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. நம்ம ஆட்கள் ஆசையாகச் செய்வது, அடிக்கடி கெடுப்பதும் அதைத்தான்.

ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கையை முழுதாக எழுதுங்கள். முதல் தாளில் மட்டும் எழுதிவிட்டு மீதியை வெறும் பெயர்ப் பட்டியலாக வைத்தால், அந்தத் தாள்களை வேறு எதற்கு வேண்டுமானாலும் பின் அடிக்கலாம். வரிசை எண் போடுங்கள், கடைசிக் கையெழுத்துக்குக் கீழே கோடு இழுத்து "மொத்தம் இத்தனை" என்று எழுதுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கையெழுத்து. ஐந்து பேர் போட்ட ஒரே வீட்டைப் பார்த்தால் அதிகாரி மற்றதையும் நம்ப மாட்டார். வீட்டு எண் போதும், அடையாள அட்டை எண் கேட்காதீர்கள். அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று யாருக்குத் தெரியும். எழுதத் தெரியாத பாட்டி ரேகை வைத்தால் பக்கத்தில் சாட்சி பெயர் எழுத வேண்டும், முதலில் கோரிக்கையைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். இதை மட்டும் அவசரத்தில் விடாதீர்கள். மூலத்தை வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள்.

---

தாமான் நூலகம் · புதன், இரவு 9.35

புகாரோடு நின்றுவிடாதீர்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. 1976 உள்ளாட்சிச் சட்டத்தின்படி மாநில அரசுதான் கவுன்சிலர்களை நியமிக்கிறது: குறைந்தது 8 பேர், கூடினால் 24 பேர். நாம் தேர்ந்தெடுக்காத ஆளை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு, கழகம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் தவிர, கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்கிறது. யாரும் போவதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. முதல் நாள் செயலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள். கழுத்துப் பட்டை வைத்த சட்டை, மூடிய காலணி. உள்ளே பேச முடியாது, குறிப்பு எடுக்கலாம்.

சிலாங்கூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: 2011 தகவல் சுதந்திரச் சட்டம். பினாங்கிலும் இப்படி ஒன்று இருக்கிறது, கூட்டரசு அளவில் இல்லை. நம் சாலைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு, எத்தனை தடவை தூர் வாரினார்கள் என்று மாநில அலுவலகத்தையோ கழகத்தையோ பாரம் நிரப்பிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். காரணம் எழுதச் சொல்வார்கள். எழுதிய காரணத்துக்கு வெளியே அந்தத் தகவலைப் பயன்படுத்தினால் குற்றம். அதனால் "சும்மா தெரிந்துகொள்ள" என்று எழுதிவிட்டுப் பிறகு பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். என்ன செய்யப் போகிறீர்களோ அதையே எழுதுங்கள்.

---

கித்தாக்காடு · புதன், இரவு 10.05

"ந" எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மகளே, ஒன்று பார்த்துச் சொல்லுங்கள்: "ந" கட்டத்தில் தேதி இருக்கும் வரிசைகளில் அடுத்த தேதிக் கட்டத்தில் கோடு இழுத்திருக்கிறதா?

---

பெர்ஜுந்தை மகள் · புதன், இரவு 10.20

ஆமாம், எல்லாவற்றிலும். "ந" தேதி அதற்கு நாலைந்து நாள் கழித்து வருகிறது.

---

கித்தாக்காடு · புதன், இரவு 10.32

நன்றிக் கடிதம். வேலை முடிந்து, முடிந்ததைப் போய்ப் பார்த்த பிறகு எழுதுவது. வேலை செய்த ஆளின் பெயரைப் போட்டு, நகலை அவருக்கு மேலே இருப்பவருக்கு அனுப்புவார்கள். அது அந்த ஊழியரின் கோப்பில் போய்ச் சேரும், பதவி உயர்வு நேரத்தில் உதவும். புகார்க் கடிதம் ஆயிரம் வரும், இது ஒன்றிரண்டுதான் வரும். அடுத்த தடவை உங்கள் கடிதம் கட்டின் மேலே இருப்பதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. காசும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். பணத்துக்கு ஏன் கட்டமே இல்லை என்று கேட்டீர்களே!

---

ஒன்லைன் தம்பி · புதன், இரவு 10.40

சரி, இதை நான் ஒத்துக்கொள்கிறேன். வாட்சப் குழுவில் எங்களுக்கு கட்டை விரல் படம்தான் வரும்.

---

மீனாட்சி தோட்டம் · வியாழன், காலை 6.50

பத்திரம் பற்றி நான் சொல்கிறேன், கால்வாய் தாமதமானால் நாற்றம் மட்டும்தான், பத்திரம் தாமதமானால் பிள்ளையின் பள்ளிக்கூடமே போய்விடும்.

தீபகற்பத்தில் பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு: கூடுதல் பாரம், நேர்காணல், பிறந்த இடத்துக்கு ஆதாரம், சாட்சி. லயத்தில் பிறந்து மருத்துவச்சியும் இறந்துவிட்டால் ஆதாரம் தேடி அலைய வேண்டும். தடுப்பூசி அட்டை, கிளினிக் சிவப்புப் புத்தகம், எது இருந்தாலும் எறியாதீர்கள்.

நம் சமூகத்தில் பெரிய ஓட்டை திருமணப் பதிவுதான். கோயிலில் தாலி கட்டி, விருந்து வைத்து, மொய்யும் வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். 1976 திருமண மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்பின் பதியாத திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை. பிள்ளை பிறந்தால் தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். அப்பா குடிமகனுக்குரிய நீல அடையாள அட்டை வைத்திருந்தும் தாய் வெளிநாட்டவர் என்றாலோ, தாயிடமே பத்திரம் இல்லை என்றாலோ, பிள்ளைக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காமல் போகும், நாடற்றதாகவும் ஆகலாம். பிறகு போய்த் திருமணத்தைப் பதிந்தாலும் அது தானாகச் சரியாகாது. விண்ணப்பம், வருடக்கணக்கில் காத்திருப்பு.

அதனால் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போங்கள். அறிவிப்பு 21 நாள் ஒட்டியிருக்க வேண்டும், அந்த நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உதவிப் பதிவாளர் இருக்கும் கோயில் என்றால் தாலியும் பதிவும் ஒரே மேடையில் முடிந்துவிடும். கோயில் தலைவரிடம் "உதவிப் பதிவாளர் இருக்கிறாரா?" என்று முதலில் கேளுங்கள், மேளக்காரரை அப்புறம் பேசலாம்.

இறப்பும் அப்படியே. 7 நாளுக்குள் பதிந்து அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும். விட்டால் செத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே கிடக்கும்.

---

சாலுரான் 1 · வியாழன், காலை 9.20

பட்டியலைத் தொட்டுவிட்டார்கள், நானும் தொடர்கிறேன்.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர் தானாகவே வாக்காளர். நல்லதுதான், ஆனால் அடையாள அட்டையில் என்ன முகவரி இருக்கிறதோ அந்தத் தொகுதியில். பெண் ஷா ஆலமில் வேலை, அட்டையில் இன்னும் இடிந்துபோன லயத்து முகவரி. பலர் செய்யும் தவறு: பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிவிட்டால் வாக்களிக்கும் இடமும் மாறிவிடும் என்று நினைப்பது. மாறாது. அது ஒரு வேலை, தேர்தல் ஆணையத்தில் தனியாக விண்ணப்பிப்பது இன்னொரு வேலை. மன்றம் கலைந்த பிறகு ஓடிப்போய் மாற்றினால் அந்தத் தேர்தலுக்குப் பயன்படாது.

வீட்டுக்கு வீடு போகிறவர்கள் இதை மட்டும் கேட்டால் போதும்: "ஆணையத்தின் தளத்தில் உங்கள் பெயரைப் பார்த்தீர்களா? எந்தப் பள்ளி, எந்தச் சாலுரான் (வாக்களிக்கும் வரிசை)?" எந்தக் கட்சி என்று கேட்க வேண்டியதில்லை. முதியவர்களுக்குப் பொதுவாக முதல் சாலுரான். அது மாடியில் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், அன்று காலையில் சண்டை போடாதீர்கள். முகவராக உட்காருபவர்கள் எண்ணி முடிந்ததும் போராங் 14ஐ (வாக்கு எண்ணிக்கைப் பாரம்) வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. எத்தனை மணியானாலும் சரி.

---

கோயில் கணக்கு · வியாழன், மதியம் 12.40

நம்ம ஊர்ச் சங்கங்கள் சாவது சண்டையால் என்கிறார்கள். பாதி சாவது ஆண்டறிக்கையால். 1966 சங்கங்கள் சட்டத்தின்படி குறைந்தது 7 பேர் இருந்தால் பதியலாம், அது சுலபம். பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை, கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் போக வேண்டும். இப்போது சங்கப் பதிவு இலாகாவின் ஈரோசஸ் தளத்தில். நுழைவு ஒரே செயலாளரின் பெயரில் இருக்கும், அவர் கோபித்துக்கொண்டு விலகினால் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். பதவி மாறும் அன்றே நுழைவையும் மாற்றுங்கள்.

காசோலைக்கு மூவர் பெயர், இருவர் கையெழுத்து. உண்டியலை எண்ணும்போது நிர்வாகத்தில் இல்லாத இருவர் உட்கார வேண்டும். ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் இருக்க வேண்டும், கெட்டுப்போன ரசீதைக் கிழிக்காமல் "ரத்து" என்று எழுதி அதிலேயே விட வேண்டும். தகரம் குலுக்கித் தெருவில் வசூல் என்றால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீஸ் அனுமதி வேண்டும். "கோயிலுக்குத்தானே" என்று சொன்னால் சட்டம் கேட்காது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை இதோடு குழப்பாதீர்கள். அது கல்விச் சட்டத்தின் கீழ் வருவது, சங்கப் பதிவு இலாகாவில் பதிவதில்லை. சந்தா கட்டவில்லை என்று பிள்ளையை ஒதுக்கவும் முடியாது.

---

லயத்து எண் 9 · வியாழன், மாலை 4.05

எல்லாரும் அப்பா அப்பா என்கிறீர்கள். பொதுக் காரியம் செய்கிற ஆளின் வீட்டில் கதவு தட்டினால் திறப்பது யார்? அவர் இல்லாத நேரத்தில் வந்தவரின் பெயர், வீட்டு எண், என்ன குறை என்று கேட்டு வைப்பது யார்? மகளே, அந்தப் புத்தகங்களில் கையெழுத்து மாறும் பக்கங்கள் இருக்கும், பாருங்கள்.

---

பெர்ஜுந்தை மகள் · வியாழன், மாலை 5.50

பார்த்தேன், அக்கா. "இடம்" கட்டத்தில் நிறைய இடங்களில் பென்சில். அம்மா கையெழுத்து. மேலே அப்பா மையால் எழுதியிருக்கிறார், ஆனால் பென்சிலை அழிக்கவில்லை.

---

பால்வெளி · வியாழன், இரவு 7.30

அப்படியானால் பென்சில் பக்கங்களை முதலில் படம் எடுங்கள்.

கொசுவைப் பற்றி இரண்டு வரி, மழை வருகிறது. புகை அடித்தால் பறக்கும் கொசு மட்டும்தான் சாகும், புழு சாகாது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். அதனால்தான் இரண்டாவது தடவை அடிக்கிறார்கள். முதல் தடவையே சன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டும் வீண். புழுவுக்கு அபேட் மணல், 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். கோலாவை (குளியலறைத் தண்ணீர்த் தொட்டியை) துடைக்காமல் மணல் மட்டும் போட்டுப் பயன் இல்லை, முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

அடைப்பு எதுவும் இல்லாமலே, மழை நின்று மூன்று நாள் ஆகியும் கால்வாயில் தண்ணீர் நின்றால் சாய்வு கெட்டிருக்கிறது. தூர் வாரச் சொல்லி எழுதாதீர்கள், "மட்டம் பார்க்கவும்" என்று எழுதுங்கள்.

---

முகப்பு எண் 4 · வியாழன், இரவு 8.45

படம் எடுப்பது என்றால் ஒன்று. புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கும் ரசீதுகளை பென்சிலுக்கும் முன்னால் எடுங்கள். முகப்பில் இயந்திரத்தில் வரும் வழவழப்பான தாள் நாளாக ஆக வெளுத்துவிடும். ஒட்டுநாடா ஒட்டியிருந்தால் அந்த இடம் இன்னும் சீக்கிரம் போகும். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், சாதாரணத் தாளில் நகல் எடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் கணினி தானாகவே அடுக்கும்.

---

பெர்ஜுந்தை மகள் · வியாழன், இரவு 9.55

இப்போதுதான் திறந்து பார்த்தேன். மூன்று ரசீதுகள் வெள்ளைத் தாளாகவே இருக்கின்றன, வெளிச்சத்தில் சாய்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அவற்றின் எண்களைப் புத்தகத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறார், அதனால் தப்பித்தது. கடிதப் பிரதிகளில் அடித்த நீலச் சாப் மட்டும் நேற்று அடித்த மாதிரி இருக்கிறது.

42ஆவது புத்தகம் வாங்கியாயிற்று. முதல் வரிசை: எங்கள் பின்வீதிக் கால்வாய், மழை நின்று ஐந்து நாள், மட்டம். "யாருடையது" கட்டம் காலியாக இருக்கிறது. திங்கள்கிழமை முகப்பில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.